ஞானப்பூ நர்ஸ் எரியோட்டை விட்டுக் கிளம்பிய வாரம்

1961ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. எரியோட்டு மிஷன் மருந்தகத்துக்குத் தபால்காரர் ஒரு நீளக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞானப்பூ நர்ஸ் அதைப் பிரித்து நின்றபடியே படித்தாள். பிறகு மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காத்திருந்த நாலு பேருக்கும் புண் கட்டி அனுப்பினாள். அதற்கப்புறம்தான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"என்னய ஒரிசாவுக்குப் போகச் சொல்லிட்டாக, ஒச்சம்மா. வர்ற வியாழக்கெழம ரயிலு."

"அது எங்கிட்டு இருக்கு?"

"மெட்ராஸ் போயி, அங்கிட்டு இருந்து இன்னும் ரெண்டு நாளு போகணும். மலைக்காடு. அங்க நம்ம சபை ஒரு ஆஸ்பத்திரி வச்சிருக்கு."

ஒச்சம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "வியாழக்கெழமையா?" என்று கேட்டாள். ஒரிசாவின் தூரம் அவளை உறுத்தவில்லை, கிழமைதான் உறுத்தியது. "வியாழக்கெழம தெக்க சூலமாச்சே. திண்டுக்கல்லு தெக்கதான இருக்கு. எப்படிப் போவீக?"

"நூர் அகமது டிரைவர் பஸ்ஸுலதான். டிக்கெட் எடுத்தவுகளுக்குச் சூலம் தெரியாது, விடு."

ஒச்சம்மாள் விடுகிற ஆள் இல்லை. மருந்தகத்தில் பெருக்குவது, தண்ணீர் சுமப்பது, நர்சுக்குச் சோறு பொங்குவது எல்லாம் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக ஞானப்பூவின் ஜெபத்துக்கு மரியாதையாக ஒதுங்கி நின்றவள், தன்னுடைய நாள் கிழமையை மட்டும் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞானப்பூவுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. திண்டுக்கல்லில் பிறந்தவள். அப்பா மாசிலாமணி ரயில்வே கேட் கீப்பர். நர்ஸ் படிப்பு முடித்ததும் கல்யாணப் பேச்சை எடுத்த உறவுக்காரர்களிடம், "எனக்கு வேற வேலை இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மிஷன் ஊழியத்தில் சேர்ந்தாள். வெள்ளைக்காரர் யாரும் இல்லாத சின்ன மிஷன் அது. இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபைகள் சில சேர்ந்து தங்கள் கைக்காசில் நடத்தியது. எரியோட்டுக்கு அவள் வந்து இறங்கியபோது மருந்தகம் என்று இருந்தது ஓடு ஒழுகும் ஒரு அறையும் அயோடின் புட்டி இரண்டும்தான். அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று சபையில் சிலர் முணுமுணுப்பார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவள் அந்த அறையைப் பார்த்த அன்றைக்கே அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

மாற்றல் உத்தரவு அவளைக் கலக்கவில்லை. ஊழியக்காரி என்றால் போகச் சொன்ன இடத்துக்குப் போகவேண்டியதுதான். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அது புதன்கிழமை.

ஊருக்கு வெளியே குளத்தங்கரைப் புளியமரத்தடியில் புதன்கிழமைதோறும் குஷ்டம் என்கிற பெருவியாதி கண்டவர்கள் கூடுவார்கள். எழுபத்தொரு பேர். அய்யலூர் பக்கம், குசிலியம்பாறைப் பக்கம், எங்கெங்கோ இருந்து விடிவதற்கு முன்னே நடக்க ஆரம்பித்து வருவார்கள். வாரத்துக்கு வேண்டிய வெள்ளை மாத்திரையை வாங்கிக்கொண்டு, முகத்தைத் துண்டாலும் முந்தானையாலும் மறைத்தபடி திரும்பிப் போவார்கள். வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் விரல் தங்கும், மூக்கு தங்கும். விட்டால் போச்சு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஞானப்பூ டைபாய்டில் ஒரு மாதம் படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக ஒரு கம்பவுண்டர் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஐந்து பேர். சிதறிப்போனவர்களை மறுபடி சேர்க்க ஞானப்பூவுக்கு ஆறு மாதம் பிடித்தது. அதற்குள் இரண்டு பேருக்குக் கை மடங்கிப் போயிருந்தது. இப்போது அவள் ஒரேயடியாகப் போகிறாள். புதிதாக வருகிறவளிடம் இவர்கள் வருவார்களா, மாட்டார்களா என்பதுதான் கேள்வி.

வருவார்கள் என்றுதான் ஞானப்பூ நினைத்தாள். அதற்கு வழியும் வைத்திருந்தாள். அந்த எழுபத்தொரு பேருக்கும் தனித்தனி அட்டை உண்டு. அட்டையில் பேர் கிடையாது, ஊர் கிடையாது, நம்பர் மட்டும்தான். யாருக்கு ஒரு மாத்திரை, யாருக்கு அரை, யாருக்குக் கூட்டினால் உடம்பு தடிக்கும், எல்லாம் அதில் இருந்தது. அட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். கடைசிப் புதன்கிழமை புது நர்சைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்டை ஒவ்வொன்றையும் எடுத்து, ஆளை நேருக்கு நேர் காட்டி ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தாளில் முப்பத்தெட்டு வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டினாள். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். மருந்து அலமாரிச் சாவி, சைக்கிள், கட்டில், கொசுவலை. காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாமல் வழியில் விடமாட்டார்கள் என்றார்கள். தன் இடது கையில் தானே ஊசியைக் குத்திக்கொண்டு, சீட்டுக்காக மட்டும் சுகாதார ஆபீசுக்குப் போய் வந்தாள்.

வேலைகளைச் சமாளித்துவிட்டாள். வழியனுப்புகிறவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. சனிக்கிழமை சொல்லிக்கொள்ளப் போன இடமெல்லாம் இலை போட்டுக் காத்திருந்தார்கள். பிரசவம் பார்த்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்றார்கள். அவள் பிரசவம் பார்க்காத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. மதியத்துக்குள் மூன்று வீட்டில் கோழிக் குழம்பு, நாலாவது வீட்டில் பருப்புச் சோறு, ஐந்தாவது வீட்டில் மோரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டாள். பொம்மையன் என்ற வண்டிக்காரர் ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கையில் கொடுத்தார்.

"ஒரிசா வரைக்கும் இது எப்படிய்யா வரும்?"

"வழியில பசிக்குமுல்ல. அறுத்துக்கங்க."

ரயில் பெட்டியில் சேவல் அறுப்பதை நினைத்து ஞானப்பூ வழியெல்லாம் சிரித்தாள். சேவல் ஒச்சம்மாள் வீட்டுக் கூரையில் ஏறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் சபையில் வழியனுப்புக் கூட்டம். நிலக்கோட்டை மல்லிகையில் கனமாக மாலை போட்டார்கள். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். கடைசியில் ஞானப்பூவையும் பேசச் சொன்னார்கள். அவள் புளியமரத்தடிக் கதையைச் சொன்னாள். ஆரம்பத்தில் மூன்று புதன்கிழமை ஒரு ஈ காக்கை வரவில்லை. பேரைக் கேட்பார்கள், ஊரில் சொல்லிவிடுவார்கள், பிறகு கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள் என்ற பயம். "பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், வந்து மருந்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்பினாள். நாலாவது புதன்கிழமை ஆறு பேர் வந்தார்கள். "இன்றைக்கு வரை அவர்களில் ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது. அதுதான் நான் அவர்களுக்குச் செய்த பெரிய உதவி" என்று முடித்தாள். கோயில் முழுக்கக் கை தட்டியது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் பெரிய டிரங்குப் பெட்டியோடு மறுபடி திண்டுக்கல் போனாள். டிரங்கை முன்கூட்டியே ரயிலில் போடவேண்டும், மலைக் குளிருக்கு ஒரு கம்பளி வாங்கவேண்டும். நூர் அகமது அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். அடிக்கடி தன் ஸீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார். திண்டுக்கல்லிலிருந்து மருந்துப் பார்சல்களைப் பத்து வருஷமாகப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியவர் அவர்.

"என்ன டிரைவரே, கீழ எதுவும் ரிப்பேரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நர்சம்மா. ஒரு சாமான் இருக்கு. ஒடஞ்சிரக் கூடாதுன்னு சொல்லி விட்டிருக்காக."

ஞானப்பூ கம்பளி யோசனையில் இருந்தாள். என்ன சாமான் என்று கேட்கவில்லை.

புது நர்ஸ் திங்கட்கிழமை வரவேண்டியவள். தந்திதான் வந்தது. ஆள் வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பேர் கிருபாவதி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, கண்ணாடி போட்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் முகம்கூடக் கழுவாமல், "நாளைக்கு எத்தனை மணிக்குக்கா போகணும்?" என்று கேட்டாள். ஞானப்பூவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

புதன்கிழமை விடிந்தது. அட்டைப் பெட்டியைக் காணவில்லை.

ஞானப்பூ மருந்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். மூட்டை கட்டும் களேபரத்தில் கலந்துவிடக் கூடாதென்று அந்தப் பெட்டியை மட்டும் வெள்ளிக்கிழமையே மேஜைமேல் தனியாக எடுத்து வைத்து, "இத யாரும் தொடாதீக" என்று அவளே சொல்லியிருந்தாள். திண்டுக்கல் அலைச்சலில் இரண்டு நாளாக அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது மேஜை காலியாக இருந்தது. அடுப்படியில் ஒச்சம்மாள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்க, ஒச்சம்மா?"

"எந்தப் பெட்டி?"

"ஒனக்குத் தெரியும்."

ஒச்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒளிக்கத் தெரியாத மனுஷி. "பரஸ்தானம் வச்சிருக்கு" என்றாள். "திங்கக்கெழம காலையில, ராகு காலத்துக்கு முன்னாடி, டிரைவர்கிட்டக் குடுத்து விட்டேன். திண்டுக்கல்லுல அவரு வீட்டுல, அவரு சம்சாரம் ஆரிபாம்மா எடுத்து மேல வச்சிருக்காக. நல்ல நேரத்துல சாமான் பொறப்பட்டுட்டா ஆளு பொறப்பட்ட மாதிரிதான். அப்புறம் எந்தக் கெழம போனாலும் சூலம் ஒண்ணும் பண்ணாது. நீங்க பொறப்பட்டு மூணு நாளாச்சு நர்சம்மா. ஒங்களுக்குத்தான் தெரியாது."

அந்தப் பெட்டி போன பஸ்ஸில்தான் தானும் உட்கார்ந்து போனோம் என்பது ஞானப்பூவுக்கு உறைத்தது. "செருப்பு இருந்துச்சு, செம்பு இருந்துச்சு. அந்தப் பெட்டிதானா கெடச்சுது ஒனக்கு?"

"செருப்பயா வைப்பாக? உசுரா நெனைக்கிற சாமானத்தான் வைக்கணும். நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னது அது ஒண்ணத்தான்."

ஆள் அனுப்பி எடுத்துவரவும் வழியில்லை. ஆறு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை புளியமரத்தடியில் யார் காத்திருப்பார்கள்? போதாததற்கு ஒச்சம்மாள் வேறு, "வச்சத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரக் கூடாது. போற காரியம் வெளங்காது" என்று கண் கலங்கினாள். பக்கத்தில் நின்ற கிருபாவதி மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்கு நான் ஸ்டேஷனுக்கு வர்றப்போ உள்ள இருக்கிற அட்டையை மட்டும் எடுத்துக்கிட்டா? பெட்டி அக்காகூடவே போகட்டும்."

ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொறப்பட்டது பெட்டிதான். காயிதம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

சரி, நாளைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. இன்றைக்கு என்ன செய்வது? ஞானப்பூ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வா. எழுவத்தொரு ஆளுக்கும் மருந்து அளவு என் தலையில இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீ புதுசா எழுது" என்று சைக்கிளை எடுத்தாள்.

புளியமரத்தடியில் எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல இடம் விட்டு விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானப்பூ போகப்போவது அவர்களுக்குப் போன வாரமே காற்றுவாக்கில் தெரிந்திருக்கிறது. கண்கள் எல்லாம் கிருபாவதியின் மேல் இருந்தன. ஞானப்பூ மாத்திரை டப்பாவைத் திறந்தாள். கிருபாவதி மடியில் புது அட்டைகளை வைத்துக்கொண்டாள்.

"பதினாலு" என்று கூப்பிட்டாள் ஞானப்பூ. நரைத்த கிராப்பு வைத்த நெட்டை ஆள் எழுந்து வந்தார். "பதினாலாம் நம்பர், தெனம் ஒண்ணு. கூட்ட வேண்டாம். எழுதிக்க."

கிருபாவதி எழுதவில்லை. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "உங்க பேரு என்னய்யா?"

ஞானப்பூ மாத்திரை எண்ணுவதை நிறுத்தினாள். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் ஆரம்பத்தில் மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. இப்போது ஒருவர் எழுந்து நடந்தால் போதும், மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். "நம்பர் போதும், கிருபா" என்றாள் அவசரமாக.

"நம்பரை வச்சு எனக்கு முகம் ஞாபகம் இருக்காதுக்கா. அட்டை நாளைக்குக் கைக்கு வந்தாலும் அதுல இருக்கிற பதினாலு யாருன்னு நான் யாரைக் கேக்கறது? நீங்க ரயில்ல இருப்பீங்க."

அது நியாயம்தான். நெட்டை ஆள் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். போகப்போகிறார் என்றுதான் ஞானப்பூ நினைத்தாள்.

"உடையப்பன்" என்றார் அவர். "அய்யலூருக்கு மேக்க, புதுப்பட்டி. அப்பா பேரு வெள்ளையன். காட்டு வேலை."

கிருபாவதி எழுதிக்கொண்டாள். அடுத்து வந்தவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "பொன்னழகு." அதற்கடுத்தவர் "சுருளிவேல்" என்றார். கருப்புசாமி, சிவனம்மாள், இன்னொரு கருப்புசாமி என்று வரிசையாக வந்தார்கள். சிலர் ஊரைச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. பேரைச் சொல்லாமல் ஒருவர்கூடப் போகவில்லை. பக்கத்தில் ஞானப்பூ மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பத்து வருஷம் தன் முகத்தைப் பார்த்தவர்கள். நேற்று சாயங்காலம் பஸ் இறங்கிய பெண்ணிடம் பேரைச் சொல்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பொறாமைதான் கூட.

மாத்திரையை வாங்கிக்கொண்டு இன்னும் போகாமல் நின்றிருந்த உடையப்பனிடம் கேட்டேவிட்டாள். "ஏன்யா, எங்கிட்ட இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலயே?"

உடையப்பன் தலையைச் சொறிந்தார். குற்றம் சொல்கிற தொனி அவரிடம் இல்லை. "நீங்க கேக்கவே இல்லயேம்மா. மொத வருஷம் கேட்டிருந்தா ஓடித்தான் போயிருப்போம். ரெண்டு மூணு வருஷம் போச்சு, பயம் தெளிஞ்சிருச்சு. இந்த வாரம் கேப்பாக, அடுத்த வாரம் கேப்பாகன்னு பாத்தோம். நீங்க பதினாலுன்னே கூப்பிட்டீக. நர்சம்மாவுக்கு நம்ம பேரு வேண்டாம்போலன்னு விட்டுட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை கை தட்டல் வாங்கிய பேச்சு ஞானப்பூவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முதல் நாள் வேண்டாம் என்று சொன்னது சரிதான். அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஒருமுறை சரியாக இருந்ததையே பத்து வருஷமும் பிடித்துக்கொண்டிருந்தாளே, அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள். இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கேக்காதது தப்புதான், உடையப்பா. மன்னிச்சுக்க" என்றாள்.

"அட, அதுக்கென்னம்மா" என்றார் உடையப்பன்.

இன்னும் பாதிப் பேர் பாக்கி இருந்தார்கள். அடுத்து எழுந்தது இருபத்தொன்பது. கண் மட்டும் தெரிய முந்தானையால் முகத்தை மூடியே வருகிற பெண். ஞானப்பூ நம்பரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கிருபாவதி கேட்பதற்கு முன்னால் தானே கேட்டாள்.

"பேரச் சொல்லு தாயி."

அந்தப் பெண் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். மூக்கு நன்றாக இருந்தது, உதடு நன்றாக இருந்தது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. "சின்னக்கண்ணு" என்றாள். "வடமதுரைதான். இங்கிட்டு இருந்து பக்கந்தான், தெரிஞ்சிருமேன்னு தூரத்து ஊரு மாதிரி சுத்தி வருவேன்."

"அரை மாத்திரை, கிருபா. சின்னக்கண்ணுக்கு அரைதான். மறந்துராத."

மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டும் சின்னக்கண்ணு நகரவில்லை. "எங்க பேரெல்லாம் கேட்டுட்டீக" என்றாள். "ஒங்க பேரு என்னம்மா?"

ஞானப்பூ அவளைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்த மண்ணில் அவள் நர்சம்மா. மரத்தடியில் இருந்த யாருக்கும் அதற்குமேல் தெரியாது.

"ஞானப்பூ" என்றாள். "அப்பா பேரு மாசிலாமணி. ஊரு திண்டுக்கல்லு."

சின்னக்கண்ணு திரும்பி உட்கார்ந்திருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னாள்: "ஞானப்பூவாம்." பின்வரிசைக்குக் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிச் சொன்னார்கள். ஞானப்பூ, ஞானப்பூ என்று அது குளத்தங்கரை வரைக்கும் போனது.

"தைரியமாப் போயிட்டு வாங்க, ஞானப்பூவம்மா" என்றாள் சின்னக்கண்ணு. கிருபாவதியைக் கையால் காட்டினாள். "அடுத்த புதங்கெழம இந்தப் பிள்ளைகிட்ட நாங்க வந்துருவோம்."